இரத்தக்குழாய் அகவணியில் கொழுப்பேற்பி மரபணுக்கள்: ஆய்வு வரலாறும் சிதம்பரம் ஆய்வுகளும்

இரத்தக்குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றை அடுக்கு உயிரணுப் படலம் அகவணி எனப்படும். இரத்தத்தில் மிதந்து வரும் கொலஸ்டிரால் துகள்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் அகவணி உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ளன. இவை கொழுப்பேற்பிகள் ஆகும். ஒவ்வோர் ஏற்பியையும் உருவாக்குவதற்குரிய மரபணு எப்போது இயங்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை உயிரணு தீர்மானிக்கிறது. இந்தத் தீர்மானம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிவதற்கு ஆய்வாளர்களுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இவ்வரலாற்றின் முதன்மை நிகழ்வுகள் டல்லாஸ், சான் டியேகோ, கியோட்டோ ஆகிய நகரங்களில் நடந்தன. அதன் ஒரு கிளை கடலூர் மாவட்டத்தின் சிதம்பரத்திலும் வளர்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் சீந்தில், ஆவாரம்பூ போன்ற நாட்டு மூலிகைகள் இரத்தக் கொழுப்பில் ஏற்படுத்தும் மாற்றங்களை எலிகளில் ஆராய்ந்தனர். அந்த ஆய்வுகள் எதைக் காட்டின, எதைக் காட்டவில்லை என்பதை அகவணி ஆய்வின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் சரியாக மதிப்பிட முடியும்.

வெறும் உறையாகக் கருதப்பட்ட படலம்

இரத்தக்குழாயின் உட்படலத்துக்குத் தனிப்பெயர் கொடுத்து அதைப் பிற திசுக்களிலிருந்து பிரித்தவர் சுவிட்சர்லாந்து உடற்கூற்றியலாளர் வில்லெம் ஹிஸ். இது 1865இல் நிகழ்ந்தது. அதன்பின் நெடுங்காலம் அகவணி ஒரு செயலற்ற உறையாகவே கருதப்பட்டது. இரத்தம் உறையாமல் வழுக்கிச் செல்ல உதவும் மெல்லிய பூச்சு என்பதற்கு மேல் அதற்குப் பங்கு இருப்பதாகப் பலர் நினைக்கவில்லை.

1913இல் ரஷ்ய ஆய்வாளர் நிகோலாய் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிரால் கலந்த உணவைக் கொடுத்து அவற்றின் தமனிச் சுவர்களில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். தமனித் தடிப்பு நோயில் கொலஸ்டிராலின் பங்கு இதனால் வெளிப்பட்டது. இரத்தத்தில் உள்ள கொழுப்பு அகவணியைக் கடந்து சுவருக்குள் எப்படிச் செல்கிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. கொழுப்பு மிகுந்தால் அது தானாகக் கசிந்து உள்ளே இறங்கும் என்பதே பொதுவான எண்ணம்.

அகவணியைத் தனியாக ஆராய வேண்டுமானால் அதை உடலுக்கு வெளியே வளர்க்க வேண்டும். 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபே குழுவினர் மனிதத் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து அகவணி உயிரணுக்களைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை வெளியிட்டனர். பேறுகாலத்தில் வீசி எறியப்படும் தொப்புள்கொடி உலகெங்கும் அகவணி ஆய்வின் மூலப்பொருளாயிற்று. இந்த உயிரணுக்களின் மீது எந்தப் பொருளை ஊற்றினாலும் அவற்றின் மரபணுக்கள் அதற்கு எப்படி மறுமொழி தருகின்றன என்று பார்ப்பது அதன்பின் இயலக்கூடியதாயிற்று.

டல்லாஸ் கண்டுபிடிப்பு: நிறைந்ததும் மூடும் கதவு

அதே காலத்தில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இரு மருத்துவர்கள், பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்டிரால் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெறும் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு. இந்நோயாளிகளின் தோல் உயிரணுக்களை வளர்த்துப் பார்த்தபோது, கெட்ட கொழுப்பு என்று வழக்கில் சொல்லப்படும் எல்டிஎல் துகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி அவற்றில் இல்லை அல்லது குறைவுபட்டிருந்தது. எல்டிஎல் ஏற்பி என்ற கருத்து 1974இல் இவ்வாறு நிலைபெற்றது. இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவர்களுடைய பணியின் மறுபாதி இக்கட்டுரைக்கு மேலும் நெருக்கமானது. உயிரணுவுக்குள் கொலஸ்டிரால் போதுமான அளவு சேர்ந்ததும் எல்டிஎல் ஏற்பியை உருவாக்கும் மரபணு அடங்கிவிடுகிறது. கொலஸ்டிரால் குறைந்தால் அது மீண்டும் இயங்குகிறது. இதை நடத்தும் புரதத்தை 1993இல் அக்குழுவினர் அடையாளம் கண்டனர். எஸ்ஆர்இபிபி எனப்படும் அப்புரதம் சாதாரண நேரத்தில் உயிரணுவின் உட்சவ்வில் கட்டப்பட்டுக் கிடக்கும். கொலஸ்டிரால் குறையும்போது ஸ்கேப் என்ற துணைப்புரதம் அதைக் கோல்கி உறுப்புக்குக் கொண்டு செல்கிறது. அங்கு இரு நொதிகள் அதை வெட்டுகின்றன. வெட்டுண்ட துண்டு உயிரணுக் கருவுக்குள் சென்று எல்டிஎல் ஏற்பி மரபணுவின் முகப்பில் ஒட்டிக்கொண்டு படியெடுப்பைத் தொடங்கி வைக்கிறது. கொலஸ்டிரால் நிறைந்திருக்கும்போது இன்சிக் என்ற மற்றொரு புரதம் ஸ்கேப்பைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

கடலூர் மாவட்டத்து வாசகருக்கு இதை வீராணம் ஏரியைக் கொண்டு விளக்கலாம். ஏரியின் நீர்மட்டம் மட்டுமே வயலுக்குப் பாயும் நீரைத் தீர்மானிப்பதில்லை. எந்த மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. எல்டிஎல் ஏற்பி, வயல் நிறைந்ததும் தானே இறங்கிக்கொள்ளும் மதகு போன்றது. ஸ்டாட்டின் மாத்திரைகள் பயன்படுத்துவதும் இந்த இயல்பையே. அவை கல்லீரலில் கொலஸ்டிரால் உற்பத்தியைக் குறைக்கின்றன. பற்றாக்குறையை உணரும் கல்லீரல் உயிரணுக்கள் தம் எல்டிஎல் ஏற்பிகளைப் பெருக்கி இரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்கின்றன.

அகவணியில் அடங்கிக் கிடக்கும் ஏற்பி

கல்லீரலுக்கும் தோலுக்கும் பொருந்திய விதி அகவணிக்கும் அப்படியே பொருந்துமா என்று பார்த்தபோது ஒரு வேறுபாடு தெரிந்தது. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் இஸ்ரேல் விலோடாவ்ஸ்கி, டெனிஸ் கோஸ்போடரோவிச் ஆகியோரும் ஃபீல்டிங் இணையரும் பசுவின் பெருந்தமனி அகவணி உயிரணுக்களைக் கொண்டு ஆராய்ந்தனர். இடைவெளி விட்டு வளரும் நிலையில் அவை எல்டிஎல்லை நன்றாக உள்ளிழுத்தன. நெருங்கி வளர்ந்து ஒன்றையொன்று தொட்டு ஒரே படலமானதும் அந்த உள்ளிழுப்பு மிகவும் குறைந்துவிட்டது.

உடலில் நலமாக உள்ள அகவணி நெருங்கிய படலமாகவே இருக்கிறது. ஆகவே இரத்தம் எப்போதும் எல்டிஎல் துகள்களால் நிறைந்திருந்தபோதிலும் அகவணி உயிரணு அவற்றை அள்ளி விழுங்குவதில்லை. தனக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏற்பியை அடக்கி வைக்கிறது. செயலற்ற பூச்சு என்று கருதப்பட்ட படலம் தன் மரபணுக்களைச் சூழலுக்கேற்ப இயக்குகிறது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றுகளில் ஒன்று.

ஏற்பி இல்லாதவரிடம் நுரை உயிரணுக்கள்

இந்த இடத்தில் ஒரு முரண் எழுந்தது. தமனித் தடிப்பின் முதல் அடையாளம் நுரை உயிரணுக்கள். கொழுப்பை அளவுக்கு மீறி விழுங்கி, நுண்ணோக்கியில் சோப்பு நுரை போலத் தெரியும் விழுங்கணுக்கள் இவை. எல்டிஎல் ஏற்பிதான் கொழுப்பு நுழையும் ஒரே வாசல் என்றால், அந்த ஏற்பியே இல்லாமல் பிறந்த நோயாளிகளின் தமனியில் நுரை உயிரணுக்கள் இருக்கக் கூடாது. ஆனால் அவர்களிடம்தான் அவை மிகுதியாக இருந்தன.

இதற்கு ஒரு விடையை 1979இல் டல்லாஸ் குழுவே முன்வைத்தது. எல்டிஎல்லை வேதிமுறையில் அசெட்டிலேற்றம் செய்து கொடுத்தால் விழுங்கணுக்கள் அதை வேறோர் ஏற்பியின் மூலம் ஆவலுடன் விழுங்கின. துப்புரவு ஏற்பி என்று பெயர் பெற்ற அதன் செயல் உயிரணு நிறைந்தபின்னும் அடங்குவதில்லை. இந்த ஆய்வில் பங்கேற்றவர்களுள் சந்தீப் பாசுவும் ஒருவர். பின்னாளில் புதுதில்லி தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் இவர். எனினும் அசெட்டிலேற்றம் பெற்ற எல்டிஎல் ஆய்வகத்தில் செய்யப்பட்ட பொருள். உடலுக்குள் எல்டிஎல்லை மாற்றுவது எது என்ற கேள்வி மிஞ்சியது.

விடை அகவணியிலிருந்தே வந்தது. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் டேனியல் ஸ்டைன்பெர்க் குழுவினர் எல்டிஎல்லை அகவணி உயிரணுக்களுடன் ஒரு நாள் ஊறவிட்டனர். அப்படி ஊறிய எல்டிஎல்லை விழுங்கணுக்கள் விரைவாக விழுங்குவதை 1981இல் அவர்கள் வெளியிட்டனர். 1984இல் இதன் வேதியியல் தெளிவாயிற்று. அகவணியுடன் இருக்கும்போது எல்டிஎல்லின் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. வைட்டமின் ஈ சேர்த்தால் அந்த மாற்றம் தடைபடுகிறது.

1984ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் சம்பத் பார்த்தசாரதி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜே. கங்குலியின் ஆய்வகத்தில் கொழுப்பு உயிர்வேதியியல் பயின்று அமெரிக்கா சென்றவர் இவர். 1989இல் ஸ்டைன்பெர்க், பார்த்தசாரதி, ஜோசப் விட்ஸ்டம் உள்ளிட்டோர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இக்கருத்தை உலக மருத்துவர்களிடம் கொண்டு சேர்த்தது. கொலஸ்டிராலின் அளவு மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை, எல்டிஎல் துகள் அடையும் மாற்றமும் முக்கியம் என்பது அதன் சாரம்.

லாக்ஸ்-1: நிறைந்தபின் மேலும் திறக்கும் கதவு

ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல்லை விழுங்கணுக்கள் பற்றுவது தெரிந்திருந்தது. அகவணி உயிரணுக்களும் அதனால் பாதிக்கப்படுவது தெரிந்தது. ஆனால் அகவணி அதை எந்த ஏற்பியால் உணர்கிறது என்பது 1997 வரை புலப்படவில்லை. அவ்வாண்டு ஜப்பானின் கியோட்டோவில் தட்சுயா சவாமுரா, தோமோ மசாகி குழுவினர், பசுவின் பெருந்தமனி அகவணியிலிருந்து அந்த ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்து நேச்சர் இதழில் வெளியிட்டனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் லாக்ஸ்-1. மனிதரில் இதன் மரபணு 12ஆம் குரோமோசோமில், நோயெதிர்ப்பு உயிரணுக்களின் சில ஏற்பி மரபணுக்களுக்கு அருகில் அமைந்துள்ளது. எல்டிஎல் ஏற்பியின் மரபணுவோ 19ஆம் குரோமோசோமில் உள்ளது. இரண்டும் ஒரே துகளின் இரு வடிவங்களைப் பற்றினாலும் உறவற்றவை.

இரண்டின் ஒழுங்குமுறையும் எதிரெதிரானது. 1998இல் ஜவாஹர் மேத்தா, டி. லி ஆகியோர் மனித இதயத் தமனியின் அகவணி உயிரணுக்களில் இதைக் காட்டினர். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் சேரும்போது லாக்ஸ்-1 மரபணு அடங்குவதற்கு மாறாக மேலும் முடுக்கம் பெறுகிறது. ஏற்பி கூடினால் அத்துகள் இன்னும் அதிகமாகப் பற்றப்படும். அது மேலும் ஏற்பியைக் கூட்டும். இந்தச் சுழற்சியில் அகவணி, வெள்ளணுக்களை ஒட்டவைக்கும் புரதங்களை உருவாக்குகிறது. குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் பயன் குறைகிறது. அழற்சி தொடங்குகிறது. வீராணத்து ஒப்புமையில் சொன்னால், இது நீர் பாயப் பாய இன்னும் மேலேறும் மதகு.

கொழுப்பைத் தவிர வேறு தூண்டுதல்களாலும் லாக்ஸ்-1 மரபணு இயங்குவதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டின. உயர் இரத்த அழுத்தமுள்ள எலிகளின் தமனியில் அது மிகுந்திருப்பது 1997இலேயே வெளியாயிற்று. இரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஆஞ்சியோடென்சின்-2 என்ற சுரப்பு அதைத் தூண்டுவதை மேத்தா குழுவினர் 1999இல் நிறுவினர். நீரிழிவுள்ள எலிகளின் பெருந்தமனியிலும் அது மிகுதியாகக் காணப்பட்டது. இரத்த ஓட்டம் அகவணி மீது ஏற்படுத்தும் உராய்வும் இம்மரபணுவின் இயக்கத்தை மாற்றுகிறது. 2007இல் மேத்தா குழுவினர் லாக்ஸ்-1 நீக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, கொழுப்புணவு கொடுத்தபின்னும் அவற்றில் தமனித் தடிப்பு குறைவாக இருந்தது.

ஒரே கொலஸ்டிரால் அளவுள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் இதயத் தமனி அடைபடுவது ஏன் என்ற பழைய கேள்விக்கு இந்த ஆய்வுகள் ஒரு பகுதி விடை தருகின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பிலிருந்து தனித்து நிற்கும் நோய்க்காரணிகள் அல்ல. கொழுப்பை வரவேற்கும் மரபணுக்களையே அவை மாற்றி அமைக்கின்றன.

சிதம்பரத்தில் மூலிகை ஆய்வுகள்

ஆக்சிஜனேற்றமே எல்டிஎல்லைக் கெடுக்கிறது என்ற கருத்து 1990களில் உலகெங்கும் ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்கியது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதே அது. மூலிகை மரபு வலுவாக உள்ள இந்தியாவில் இந்த எதிர்பார்ப்பு வேகமாக வேரூன்றியது. அத்தகைய ஆய்வுகள் தொடர்ச்சியாக நடந்த இடங்களுள் ஒன்று சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகர்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் இங்கு மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் தமிழக அரசிடம் வந்தது. மருத்துவக் கல்லூரி 2021இல் சுகாதாரத் துறையின்கீழ்க் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று.

பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில் வி. பி. மேனன் தலைமுறை ஆய்வாளர்கள் நீரிழிவும் கொழுப்பும் சார்ந்த பல ஆய்வுகளை வெளியிட்டனர். 1999இல் ஸ்டான்லி மெயின்சன் பிரின்ஸ், மேனன், குணசேகரன் ஆகியோர் சீந்தில் வேரின் நீர்ச்சாற்றை, அலோக்சன் கொடுத்து நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு 6 வாரம் கொடுத்துப் பார்த்தனர். இரத்தத்திலும் திசுக்களிலும் கொலஸ்டிரால், பாஸ்போலிப்பிடு, தனிக் கொழுப்பமிலங்கள் ஆகியவை குறைந்தன. 2002இல் எல். பாரி, எம். லதா ஆகியோர் ஆவாரம்பூச் சாற்றைக் கொண்டு இதே வகையில் ஆராய்ந்து, நீரிழிவு எலிகளில் சர்க்கரையும் கொழுப்பும் குறைவதைச் சிங்கப்பூர் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அரிசித் தவிட்டிலும் பல தானியங்களிலும் உள்ள ஃபெருலிக் அமிலத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் தன்மை குறித்து எம். ஸ்ரீநிவாசன், ஏ. ஆர். சுதீர், மேனன் ஆகியோர் 2007இல் எழுதிய மீளாய்வுக் கட்டுரை உலக அளவில் பலரால் மேற்கோள் காட்டப்படுகிறது.

சீந்திலும் ஆவாரையும் ஊர்ப்புறங்களில் வேலியோரத்திலும் தரிசிலும் வளர்பவை. சித்த மருத்துவத்தில் இரண்டும் நீரிழிவுக்கு வழங்கப்பட்டு வந்தவை. மரபறிவாகச் சொல்லப்பட்டதை அளந்து, எண்ணாக்கி, பிறர் மீண்டும் சோதித்துப் பார்க்கும் நிலைக்குக் கொண்டு வந்தது இந்த ஆய்வுகளின் முதன்மைப் பயன்.

ஹோப் ஆய்வின் முடிவு

சிதம்பரத்தில் எலி ஆய்வுகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆக்சிஜனேற்றக் கருத்து மனிதரிடம் சோதிக்கப்பட்டது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த ஆய்வை வழிநடத்தியவர் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து பெங்களூருவில் மருத்துவம் பயின்ற சலீம் யூசுஃப். ஹோப் எனப்பட்ட அவ்வாய்வின் முடிவுகள் 2000இல் வெளிவந்தன. மாரடைப்பு ஆபத்து மிகுந்த 9,541 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை தரப்பட்டது. சராசரியாக நாலரை ஆண்டுகளுக்குப் பிறகு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவற்றில் ஒன்றை அடைந்தவர்கள் வைட்டமின் குழுவில் 16.2 விழுக்காடு, மற்றக் குழுவில் 15.5 விழுக்காடு. வைட்டமினால் பயன் இல்லை.

அதே ஆய்வின் மறுபகுதியில் ராமிப்ரில் என்ற மருந்து சோதிக்கப்பட்டது. ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதைக் குறைக்கும் மருந்து இது. மேற்கண்ட பாதிப்புகள் ராமிப்ரில் குழுவில் 14.0 விழுக்காடாகவும் வெற்று மாத்திரைக் குழுவில் 17.8 விழுக்காடாகவும் இருந்தன. 2002இல் பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்த இதயக் காப்பு ஆய்வும் இதையொத்த முடிவைத் தந்தது. வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்ந்த மாத்திரை பயன் தரவில்லை. சிம்வாஸ்டாட்டின் பயன் தந்தது.

இந்த முடிவுகளை அவசரப்பட்டு விளக்கக் கூடாது. ராமிப்ரிலின் பயன் முழுவதும் லாக்ஸ்-1 மரபணு அடங்கியதால் வந்தது என்று சொல்ல முடியாது. அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, வேறு பல வழிகளிலும் செயல்படுகிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் நோயில் பங்கேற்கவில்லை என்றும் கொள்ள முடியாது. ஆய்வகத் தட்டில் எல்டிஎல்லைக் காத்த வைட்டமின், வயதான மனிதரின் தமனிச் சுவருக்குள் அதே வேலையைச் செய்யும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே தோற்றது. ஆனால் அதை நம்பி உலகெங்கும் கோடிக்கணக்கான வைட்டமின் மாத்திரைகள் விற்பனையாகியிருந்தன.

எலி சொல்லாதவை

இந்த முடிவுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அண்ணாமலைநகர் ஆய்வுகளின் வரம்பும் தெளிவாகிறது. எலியின் இரத்தத்தில் கொலஸ்டிராலின் பெரும்பகுதியை எச்டிஎல் துகள்களே சுமக்கின்றன. மனிதரிடம் எச்டிஎல்லிலிருந்து எல்டிஎல்லுக்குக் கொலஸ்டிராலை மாற்றும் புரதம் எலியிடம் இல்லை. ஆகவே எலிக்குத் தமனித் தடிப்பு எளிதில் வருவதில்லை. சுண்டெலியிலும் இதே நிலைதான். அதனால்தான் 1990களில் அப்போ-ஈ மரபணுவும் எல்டிஎல் ஏற்பி மரபணுவும் நீக்கப்பட்ட சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன.

நீரிழிவு எலியின் இரத்தத்தில் கொழுப்பு குறைந்தது என்பது உண்மையான அளவீடு. அதன் பெருந்தமனி அகவணியில் எந்த ஏற்பி மரபணு கூடியது, எது குறைந்தது என்பது வேறு கேள்வி. மனிதருக்கு மாரடைப்பு குறையுமா என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்விக்கான விடையைக் கொண்டு மூன்றாவதற்கு விடை சொல்லிவிட முடியாது. வைட்டமின் ஈ விஷயத்தில் உலகம் முழுவதும் செய்த பிழை இதுவே. ஆவாரம்பூத் தேநீர் குடிப்பதால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அவற்றைச் செய்தவர்கள் ஆராய்ந்தது நீரிழிவு எலிகளை, மாத்திரையை நிறுத்திய நோயாளிகளை அல்ல.

மீண்டும் டல்லாஸ்: கடத்திச் செல்லும் ஏற்பிகள்

அனிச்கோவ் காலத்துக் கேள்வி அண்மையில்தான் தெளிவான விடையை நோக்கி நகர்ந்தது. அகவணி உயிரணு எல்டிஎல்லைச் சிதைக்காமல், ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் தமனிச் சுவருக்குள் இறக்கிவிடுகிறது. 2016இல் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் செஸ்ஸா குழுவினர் இதற்கு ஏஎல்கே1 என்ற ஏற்பி உதவுவதைக் காட்டினர். 2019இல் டல்லாஸில் ஃபிலிப் ஷால் குழுவினர் எஸ்ஆர்-பி1 என்ற ஏற்பியும் டாக்4 என்ற துணைப்புரதமும் இப்பணியைச் செய்வதை வெளியிட்டனர். கல்லீரலில் எச்டிஎல்லிலிருந்து கொலஸ்டிராலை வாங்கி நன்மை செய்யும் அதே எஸ்ஆர்-பி1, அகவணியில் எல்டிஎல்லைச் சுவருக்குள் கடத்துகிறது. சுண்டெலியின் பெருந்தமனியில் தடிப்பு தோன்றக்கூடிய இடங்களில், தடிப்பு தோன்றும் முன்பே இவ்விரு புரதங்களும் கூடுதலாக இருந்தன.

தமனிகளின் வளைவுகளிலும் கிளை பிரியும் இடங்களிலுமே தடிப்பு முதலில் தோன்றுகிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. அங்கு இரத்த ஓட்டம் சீராக இருப்பதில்லை. உடல் முழுவதும் ஒரே இரத்தம் ஓடினாலும் நோய் சில இடங்களில் மட்டும் தொடங்குவதற்கு, அந்தந்த இடத்து அகவணி தன் மரபணுக்களை வெவ்வேறாக இயக்குவது ஒரு காரணமாகிறது.

இன்றைய நிலை

லாக்ஸ்-1ஐத் தடுக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் மனிதரிடம் சோதனை நிலையை எட்டியுள்ளன. அகவணியின் மரபணுவையே குறிவைக்கும் மருந்து வழக்கமான மருத்துவத்துக்கு இன்னும் வரவில்லை. இருந்தாலும் இம்மரபணுக்களைத் தூண்டும் சூழலை மாற்றும் மருந்துகள் கையில் உள்ளன. இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, ஸ்டாட்டின், புகையிலையை விடுதல் ஆகியவை அகவணியின் சூழலை மாற்றுகின்றன.

இது தமிழகத்துக்கு நேரடியான பொருளுடையது. சென்னை நீரிழிவு ஆய்வு மையத்தினர் முன்னின்று நடத்திய அகில இந்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. 1,13,043 பேரை ஆராய்ந்த அதில் நாட்டின் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தமும், 24 விழுக்காட்டினருக்கு மிகைக் கொலஸ்டிராலும், 81.2 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு கொழுப்புக் கோளாறும் இருப்பதாகக் கணிக்கப்பட்டது. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. அந்த மாத்திரைகள் அளவுமானியின் எண்ணைக் குறைப்பதோடு நிற்பதில்லை. தமனியின் உட்சுவரில் லாக்ஸ்-1 போன்ற மரபணுக்களைத் தூண்டும் காரணங்களையும் தணிக்கின்றன.

அண்ணாமலைநகரிலும் பிற இடங்களிலும் எலியில் கொழுப்பைக் குறைத்ததாக அறியப்பட்ட மூலிகைகளுக்கு அடுத்த கட்டச் சோதனைகள் தேவை. தொப்புள்கொடியிலிருந்து பெறும் மனித அகவணி உயிரணுக்களின் மீது அவற்றின் சாற்றைச் சோதித்து எல்டிஎல் ஏற்பி, லாக்ஸ்-1, எஸ்ஆர்-பி1 மரபணுக்களின் படியெடுப்பை அளப்பது முதல் படி. தமனித் தடிப்பு வரக்கூடிய விலங்குகளில் சோதிப்பது இரண்டாம் படி. ஹோப் போன்ற, வெற்று மாத்திரையோடு ஒப்பிடும் மனித ஆய்வு மூன்றாம் படி. வைட்டமின் ஈ முதல் இரண்டு படிகளிலும் நம்பிக்கை தந்து மூன்றாவதில் தோற்றது. சீந்திலும் ஆவாரையும் அந்த மூன்றாம் படியைத் தாண்டும்போதுதான் இதயநோய்க்கான மருந்து என்று சொல்லத் தகும்.